நாற்காலிக்கு ஒரு விளக்கு

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தால் என் வீட்டில் விளக்கு எரிய வேண்டும். நான் செய்த கருவிக்கு வேலை அவ்வளவுதான்.

நான் எடை மெஷின் பழுதுபார்ப்பவள். கடையில் சும்மா கிடந்த எடை சென்சார் ஒன்றை அக்காவின் ஜன்னலோர நாற்காலிக்கு அடியில் மாட்டினேன். அதோடு தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட் போர்டு. அதிலேயே வைஃபையும், விட்டு விட்டு மினுக்கும் ஒரு குட்டி எல்இடியும் உண்டு. காலையில் அக்கா உட்கார்ந்ததும் இரண்டு தெரு தள்ளி என் சமையலறையில் பச்சை விளக்கு எரியும். வெளியூரில் இருக்கும் அவள் மகனின் போனுக்கும் ஒரு செய்தி போகும். நெட்டில் சேர்வதற்குள் அந்தப் போர்டு என்னைப் படுத்திய பாட்டைச் சொன்னால் பொழுது போய்விடும்.

இவ்வளவும் எதற்கு என்றால், போன மாதம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து, மதியம் வரை எழ முடியாமல் கிடந்தாள். அன்றிலிருந்து மகன் தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி ஒற்றைக் காலில் நிற்கிறான். அக்கா பஸ் கண்டக்டராக இருந்தவள். ஊரையே 'உள்ளே போ, உள்ளே போ' என்று அதட்டியவள், இன்னொருவர் வீட்டுக்குள் போகச் சொன்னால் கேட்பாளா? கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஒரே ஒரு நாள் காலையில் விளக்கு எரியாவிட்டாலும் அக்கா பெட்டியைக் கட்ட வேண்டும். என்னை நம்பித்தான் அவள் ஒத்துக்கொண்டாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது, அக்கா குறை சொல்லும் வரை.

"என்னடி இது, கால்கிட்ட பூச்சி மாதிரி கண்ணடிச்சிட்டே இருக்கு? பார்க்கவே சகிக்கல."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பூப்போட்ட பிஸ்கட் டின் ஒன்றில் போர்டை அழகாக உட்கார வைத்தேன். சோதித்துப் பார்த்தேன், வேலை செய்தது. மூடியை இறுக்கி அழுத்திவிட்டு, பெரிய விஞ்ஞானி மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை விளக்கு எரியவில்லை. டீ ஆறிப்போயிற்று, அப்போதும் எரியவில்லை. அக்கா போனை எடுக்கவில்லை.

அவள் மகன் அழைத்தான். "சித்தி, செய்தி வரல. அம்மாவும் போன் எடுக்கல. நான் கிளம்பிட்டேன்."

ஓடினேன். என்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தால், ரேடியோ அலறுகிறது. அக்கா அதே நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னடி, செருப்பை ஜோடி மாத்திப் போட்டுட்டு வந்திருக்க?"

அழுகை வந்தது. அதை மறைக்கத் திட்டினேன். "போனை எடுத்தா என்ன? செத்துப் பொழச்சேன் நான்!"

"ரேடியோ சத்தத்துல கேக்கலடி. ஏன், உன் விளக்கு எரியலையா? நான் உட்கார்ந்து ரொம்ப நேரமாச்சே."

குனிந்து டின்னின் மூடியைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது.

"சித்தி, இப்ப செய்தி வந்துடுச்சு! அம்மா இப்பதான் எழுந்தாங்களா?"

தகர டப்பாவுக்குள் அடைத்தால் வைஃபை செத்துவிடும் என்பது இந்த வேலையைத் தொட்ட யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மூடியைத் திறந்து வைத்துச் சோதித்துவிட்டு, பிறகு மூடிவிட்டு வந்திருக்கிறேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். மறைக்க மனம் வரவில்லை, அவனிடம் அப்படியே சொன்னேன்.

பெருமூச்சு விட்டான். "இருந்தாலும் பேசினது பேசினதுதான் சித்தி. அம்மாவைப் பெட்டி கட்டச் சொல்லுங்க."

அக்கா போனைப் பிடுங்கினாள். பழைய கண்டக்டர் குரல் வெளியே வந்தது.

"டேய், விளக்கு எதுக்குடா வச்சோம்? எரியலைன்னா யாராவது ஓடி வரணும்னுதானே? எரியல. உன் சித்தி ஓடி வந்துட்டா. இதுக்கு மேல என்னடா வேணும்?"

அவன் சிரித்துவிட்டான். பிறகு, "சரி, எப்படியும் கிளம்பிட்டேன். சாப்பிட ஏதாவது செஞ்சு வைங்க, பார்த்துட்டுப் போறேன்" என்றான்.

அக்கா போனைத் திருப்பித் தந்துவிட்டு என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, நீயும் தனிக்கட்டைதானே. நீ விழுந்து கிடந்தா, இங்க எந்த விளக்குடி எரியாம இருக்கும்?"

இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. நானே கேட்டுக்கொண்டதில்லை.

அன்று சாயங்காலமே என் நாற்காலிக்கும் ஒரு சென்சார் மாட்டி, அக்கா வீட்டில் ஒரு விளக்கு வைத்தேன். போர்டு இந்த முறை பிளாஸ்டிக் டப்பாவில்.