வசந்தாமணி அக்காவின் ஜெர்க்கின்

இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு எதிர் பால்கனிக் கொடியில் ஆடிக்கொண்டிருக்கிறது, மயில்கழுத்து நிறத்தில், உள்ளே ஆளில்லாத ஒரு ஜெர்க்கின், வடவள்ளியில் ஆம்பளைகள் பனியனோடு அலைகிற பங்குனி வெயிலில் இது யாருக்கு என்று நான் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், பருப்பு கரைந்தே போனது, ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்று கொடியில் காய்கிற துணி சொல்கிற அளவுக்கு அந்த வீட்டு மனிதர்கள் சொல்வதில்லை, இதை நான் வம்புக்காகச் சொல்லவில்லை, வம்புக்காகத்தான் என்றே வைத்துக்கொண்டாலும் யாருக்கு என்ன நஷ்டம், அதற்கு முந்தின வாரம் அங்கே தொங்கியது மழைக்கோட்டு மாதிரி பளபளவென்று ஒரு மஞ்சள், அதற்கும் முன்னால் மெத்தையை மடித்துத் தைத்ததுபோல ஒரு கறுப்பு, வாங்குகிறவர் திருமூர்த்தி மாமா, பம்புசெட்டுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், போட வேண்டியவள் அவர் மனைவி வசந்தாமணி அக்கா, ஏழு மலை ஏறிப்போனால் குளிர்காற்று அடிக்கிற வெள்ளியங்கிரியில் பெண்கள் ஒரு வயதைத் தாண்டிய பிறகுதான் ஏறுவது வழக்கம், அக்காவுக்கு இந்த வருஷம் அந்த வயது வந்துவிட்டது, எனக்கு இன்னும் வரவில்லை, அதைப் பெருமையாகச் சொல்வதா வருத்தமாகச் சொல்வதா என்று தெரியவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து வருஷா வருஷம் மாமா ஏறுவார், அக்கா பூண்டி அடிவாரத்தில் கட்டுச்சோற்றோடு காத்திருப்பாள், அவர் இறங்கிவந்து சொல்லச் சொல்லக் கேட்பாள், ஏழாவது மலையில் காற்று எப்படி ஆளைத் தள்ளியது, மேகம் எப்படிக் காலுக்குக் கீழே போனது என்று, இப்போது மாமாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, மாடிப்படிக்கே கைப்பிடி வேண்டும், அக்கா தன் தம்பியோடு போவதாகப் பேச்சு, கோடை முடிந்தால் மலைப்பாதையை மூடிவிடுவார்கள், மாமாவோ இன்னும் ஜெர்க்கின் தேடிக்கொண்டிருக்கிறார், அந்தக் கறுப்பை மாட்டிவிட்டு அக்காவை எங்கள் அடுக்ககத்தின் படிக்கட்டில் ஏற்றி இறக்கினார், கீழே துண்டோடு நின்றார், நனைந்த கோழிபோல இறங்கிவந்த அக்கா, ஏனுங்க, இதைப் போட்டுட்டு ஏறுனா சாமியப் பாக்கறதுக்குள்ள வெந்துருவேனுங்க என்றாள், மஞ்சளை அவரே போட்டுக்கொண்டு டேபிள் ஃபேன் முன்னால் உட்கார்ந்தார், கையை அசைத்தால் சிப்ஸ் பாக்கெட் பிரிக்கிற சத்தம், காத்து வராது செரி, வேர்வையும் போகாதே, ஈரத்தோட மேல போய் நின்னா வெறைச்சுப் போயிருவ மணி என்று அதையும் திருப்பி அனுப்பினார், மூன்றாவதுக்குக் காந்திபுரத்துக் கடைக்கே போனோம், ஆமாம் நானும்தான், எனக்கு அந்தப் பக்கம் ஊக்கு வாங்குகிற வேலை இருந்தது, கடைக்காரப் பெண் மயில்கழுத்தை எடுத்து ரப்பர் மாதிரி இழுத்துக் காட்டினாள், அடிக்கிற காத்தை உள்ள விடாதுங்க அங்கிள், உள்ள இருக்கற சூட்டை அடைச்சும் வைக்காது, மடிச்சா கைப்பைக்குள்ள போயிரும் என்றாள், மாமா தன் பாட்டிலைத் திறந்து ஜெர்க்கின் கை மேல் தண்ணீர் தெளித்தார், துளிகள் சேப்பங்கிழங்கு இலையில் ஓடுவதுபோல ஓடி அந்தப் பெண்ணின் செருப்பில் விழுந்தன.

அப்படியும் விட்டாரா, மறுநாள் விடியலில் புடவைக்கு மேலே அதைப் போடவைத்து, ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து, சிறுவாணி ரோட்டில் விரட்டிக்கொண்டு போனார், பால் வாங்க நின்ற நான் பார்த்தேன், அக்கா சிரித்துக்கொண்டே போனாள், திரும்பி வந்ததும் காத்தே தெரியலீங்க என்றாள், சந்தோஷப்பட வேண்டிய மனிதர் முகம் சுண்டிப்போய், கைமுட்டிகிட்டத் தையல் செரியில்ல, துவைச்சுப் பாத்துட்டு மாத்திரலாம் என்றார், அப்படித்தான் அது கொடிக்கு வந்தது, அன்று சாயங்காலம் நான் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறேன், காலையிலும் விட்டதுதான், எதிரே அக்காவின் குரல் கேட்கிறது, தையலெல்லாம் நல்லாத்தான் இருக்குது, உங்களுக்கு ஜெர்க்கின்ல கொறையில்லீங்க, நான் போறதுதான் கொறை, மாமா கொடிக் கயிற்றையே பிடித்துக்கொண்டு நிற்கிறார், நீ மேல போயிட்டீன்னா நான் கீழ என்ன பண்றதுன்னே தெரியல மணி என்கிறார், நான் என்ன பண்ணுனேனோ அதைத்தான் பண்ணோணும், எறங்கி வர்றவங்க கிட்டயெல்லாம் மேல மழையா காத்தான்னு கேட்டுட்டு உக்காந்திருக்கோணும் என்கிறாள் அக்கா, அத்தனை நேரமா என்கிறார் மாமா, அத்தனை நேரந்தானுங்க, இத்தனை வருஷமாவா, இத்தனை வருஷந்தானுங்க, பிறகு என் பக்கம் திரும்பாமலேயே, கண்ணு, செடி மெதக்குது, குழாயை மூடிட்டு நீயும் வா, மாமாவுக்குத் தொணையா இரு என்றாள்.

அப்படித்தான் பூண்டிக்குப் போனேன், கூப்பிடாத இடத்துக்கு நான் போகமாட்டேன், கூப்பிடும்படி நடந்துகொள்வேன், அக்கா நடுராத்திரியில் மூங்கில் தடியை ஊன்றி மரங்களுக்குள் மறைந்ததும் மாமா தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டார், திறக்கவில்லை, இறங்கி வருகிற ஒவ்வொருவரையும் மேல காத்து எப்படீங்க என்று கேட்டார், ஒருவன் ஆளையே தூக்குதுங்க என்று சிரித்துக்கொண்டே போனான், எழுந்தார், உட்கார்ந்தார், மயில்கழுத்துக் கலர்ல ஒரு அம்மாவப் பாத்தீங்களா என்றார், விடிந்து வெயில் ஏறுகிறது, எனக்குக் கண் சொருகுகிறது, அந்தக் கல்லில் இருப்பது மாமாவா, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, மேலேயே பார்த்துக்கொண்டு, கல்யாணமான புதிதில் இருந்த அக்காவா, நான் பார்த்தே இராத அந்த அக்கா எனக்குத் தெளிவாகத் தெரிகிறாள், அவளைச் சாப்பிடச் சொல்ல யாருமே இருந்திருக்கவில்லை, அதற்குள் தடி தட்டுகிற சத்தம், முகம் கறுத்து, கால் நடுங்க, இடுப்பில் ஜெர்க்கினைக் கட்டிக்கொண்டு நிஜ அக்கா வந்துவிட்டாள், அவள் தம்பி எங்கோ பின்னால், மாமா வாயைத் திறந்தார், வந்தது சோறு ஆறிப்போச்சு என்பதுதான், அவர் பிடியில் தூக்குச்சட்டியின் மூடி கடகடவென்றது, அக்கா பார்த்தாள், இடுப்பு முடிச்சை அவிழ்த்து, கொதிக்கிற அந்த வெயிலில், ஜெர்க்கினை அவர் தோளில் போர்த்தி, அதன் இரண்டு கைகளையும் இழுத்து அவர் கழுத்தடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், போகிறவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், ஏழாவது மலையில காத்து இருக்குதுங்களே என்று அவள் ஆரம்பித்தாள், இரு இரு, மொத மலையில இருந்து சொல்லு என்றார் மாமா.