ஐந்தாவது வீல் கப்

நூலகத்தின் மாடி அறையில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு மதியம் படம் போடுவார்கள். சங்கத்தில் மொத்தம் ஒன்பது பேர். முறை வைத்து ஒருவர் படம் கொண்டுவர வேண்டும். மற்ற எட்டுப் பேர் முன்னாலும் ஆளுக்கொரு டீ டம்ளர் இருக்கும். படத்தைப் பொறுக்க முடியாதவர் டம்ளரைக் கவிழ்த்து வைக்கலாம். ஐந்து கவிழ்ந்தால் படம் நின்றுவிடும். கொண்டுவந்தவர் இடையில் வாய் திறந்தாலும் நின்றுவிடும். படம் தனக்காகத் தானே பேசிக்கொள்ளட்டும் என்பது சங்கத் தலைவரான மொழிபெயர்ப்பாளரின் கட்சி.

இந்த மாதம், சங்கத்தில் இருக்கும் அக்கா தங்கை இருவரில் பெரியவளின் முறை. வீல் அலைன்மென்ட் கடையில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஸ்டீயரிங்கைத் தொட்டதுமே கார் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவளைச் சங்கத்தில் சேர்த்தவள் தங்கை. சின்னவளுக்கு இதே நூலகத்தில் வேலை. புரொஜெக்டரும் அவள் பொறுப்புதான்.

சேர்ந்து எட்டு மாதமாகப் பெரியவள் இங்கே மழை பெய்வதையும், கிழவர்கள் ரயிலுக்குக் காத்திருப்பதையும் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறாள். ஒரு முறைகூட டம்ளரைத் தொட்டதில்லை. சில படங்கள் அவளுக்கு நிஜமாகவே பிடித்திருந்தன.

“என்ன படம் கொண்டுவந்திருக்க?” என்று மாடிப்படியில் கேட்டாள் சின்னவள்.

“கார் படம். அஞ்சாம் பாகம்.”

“விளையாடாத அக்கா. அதைப் பத்திப் பத்திரிகையில எல்லாம் என்ன எழுதினாங்கன்னு தெரியுமில்ல?”

“தெரியாம என்ன. ‘மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவும்’னு எழுதினாங்க. அதை வெட்டிக் கடைச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கேன்.”

“இங்க எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. நாம ரெண்டு பேரும் விழுந்து விழுந்து பாத்த படம்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாத.”

பெரியவளுக்குச் சுருக்கென்றது. அந்தப் படத்துக்கு தியேட்டரில் முதல் விசில் அடித்தவளே சின்னவள்தான். நூலக வேலை கிடைத்த பிறகு, “சும்மா அக்காவுக்குத் துணைக்குப் போவேன்” என்று கதை மாறிவிட்டது. படத்தை யார் வேண்டுமானாலும் கவிழ்க்கட்டும், இவள் கவிழ்க்காமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

படம் தொடங்கியது. கதாநாயகன் கார்க் கதவில் சாய்ந்துகொண்டு, தன் உடம்பில் ஓடுவது ரத்தமில்லை, பெட்ரோல் என்றான். மருந்துக்கடைக்காரர் டம்ளரைக் கவிழ்த்தார். வில்லன் ஹெலிகாப்டரில் இருந்தபடி கேக் வெட்டினான். இன்னும் இரண்டு கவிழ்ந்தன. இடைவேளைக்கு முன்பே தலைவரும், யாருக்கும் வலிக்கக் கூடாது என்பதுபோல, தன்னுடையதை மெல்லக் கவிழ்த்தார். பெரியவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தங்கையின் டம்ளர் கண்ணில் படும்.

உடைந்த பாலத்தின் மேல் கார் பறந்தது. பல் டாக்டரின் கை டம்ளருக்குப் போனது.

“இதென்ன காரா, கழுகா?” என்றார் அவர். “இன்ஜின் முன்னாடிதானே இருக்கு? மூக்கு குத்தி விழ வேண்டாமா?”

சரியான கேள்வி. கடையில் யாராவது கேட்டிருந்தால் பெரியவள் அரை மணி நேரம் பேசியிருப்பாள். பதில் நுனிநாக்குவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“விழத்தான் செய்யும் டாக்டர்.”

குரல் பின்னாலிருந்து, புரொஜெக்டர் பக்கமிருந்து வந்தது.

“அதனால டிக்கியில எடை ஏத்திடுவாங்க. அப்பதான் சமமாப் பறக்கும். பாலத்துல ஏறும்போதே பின்பக்கம் எப்படித் தொங்குது பாருங்க.” சின்னவள் காட்சியைப் பின்னுக்கு ஓட்டிக் காட்டினாள். “எத்தனை கிலோ, எந்த இடத்துலன்னு ஒருத்தர் உக்காந்து கணக்குப் போட்டிருக்கார். அதைப் பத்தி ஒரு பத்திரிகையும் எழுதல. எங்க அக்கா தியேட்டர்ல பாத்த உடனே சொன்னா.”

டாக்டரின் கை டம்ளர்மேல் அப்படியே நின்றது.

“இருங்க, இப்ப ஒரு துரத்தல் வரும். சிவப்புக் கார்ல சக்கரத்து மூடி, அந்த வீல் கப், கழண்டு விழும். எத்தனைன்னு எண்ணுங்க.”

முதல் திருப்பத்தில் ஒன்று கழன்று உருண்டது. சந்தையில் ஒன்று. படிக்கட்டில் இரண்டு. “நாலு,” என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். கார் ஒரு சந்துக்குள் வளைந்தபோது ஐந்தாவது வீல் கப் கழன்று, நடுத்தெருவில் தாராளமாக ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது.

அறையே சிரித்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் தன் டம்ளரை நிமிர்த்தி டீ கேட்டார்.

“நீங்க இதை எத்தனை தடவை பாத்திருக்கீங்க?” என்று தலைவர் சின்னவளைக் கேட்டார்.

“பதினோரு தடவை.” சின்னவள் குரலைத் தாழ்த்தவில்லை. “எல்லாத் தடவையும் அக்கா பக்கத்துல உக்காந்துதான்.”

பெரியவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுக்குத் திரை கொஞ்ச நேரம் கலங்கலாகத் தெரிந்தது.

படம் கடைசிப் பெயர்வரை ஓடி முடிந்தது. சங்கத்தில் எல்லாப் படத்துக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை. விளக்கைப் போட்டுவிட்டுச் சின்னவள் முன்னால் வந்தாள்.

“அடுத்த மாசம் என் முறை,” என்றாள். “ஆறாம் பாகம் போடறேன்.”

“அது எப்படி, இதைவிடப் பரவாயில்லையா?” என்றார் டாக்டர்.

இப்போது வாய் திறக்கலாம். பெரியவள் எழுந்து நின்று, பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்:

“இதுக்காவது பத்திரிகையில ஒரு ஸ்டார் போட்டாங்க டாக்டர். அதுக்கு அதுவும் இல்ல.”