கிரீடத்துக்குள் ஏறியவர்

மொன்றியல் நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் வசித்த அனந்தராமன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்பித்தார். ஆனால் அவர் பேச்சைக் கேட்டால், ஆங்கிலேயரும் அமெரிக்கரும் தங்கள் மகான்களைச் சரியாக மதிக்கிறார்களா என்று மேற்பார்வை பார்ப்பதுதான் அவர் உத்தியோகம் என்று தோன்றும். லிங்கனை "நம்ம ஆபிரகாம்" என்பார். சர்ச்சில் பெயரை எடுக்கும்போது டையைச் சரிசெய்துகொள்வார். பழைய மொன்றியலில் தூண்மேல் சிலையாக நிற்கும் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனை மட்டும் அவர் ஏறிட்டுப் பார்த்ததில்லை. லண்டனில் நிற்காதவன் என்ன நெல்சன்!

கோடையில் மனைவி அனுசூயாவோடு எங்காவது போய்வந்து, இலையுதிர்காலத்தில் பக்கத்து லாசாலில் ஒரு மண்டபத்தில் ஊர்த் தமிழர்களுக்கு ஸ்லைடு காட்டுவார். கூட்டம் வருவது அனுசூயாவின் போண்டாவுக்காக என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

1993இல் நியூயார்க். சுதந்திர தேவி சிலையின் கிரீடத்திலிருந்து எடுத்த படம் திரையில் விழுந்தது. கீழே கடல், எறும்புபோல் படகுகள்.

"இங்க நின்னப்பதான் சுதந்திரம்னா என்னன்னு எனக்குப் புரிஞ்சுது," என்றார்.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைசெய்யும் தாட்சாயினி எழுந்தாள். "சேர், உள்ளுக்கு ஏறுற படி ஒடுக்கமோ? என்ர மாமிக்கு முழங்கால் நோ. கூட்டிக்கொண்டு போகேலுமோ எண்டு கேட்டனான்."

அனந்தராமன் சிரித்தார். "படியைப் பத்தியா கேக்கறது? சிலை என்ன சொல்றதுன்னு கேளும்மா. அதுக்குக் கொஞ்சம் சரித்திரம் படிச்சிருக்கணும்."

மரியாதைக்குச் சிலர் சிரித்தார்கள். இலங்கைப் போரிலிருந்து தப்பிவந்த தாட்சாயினி முகம் சிவந்து உட்கார்ந்தாள்.

போண்டாத் தட்டைக் கீழே வைத்தாள் அனுசூயா.

"ரொம்ப ஒடுக்கம், தாட்சாயினி. சுத்திச் சுத்திப் போறது. முன்னாடி ஏறறவா குதிகால்தான் தெரியும். மாமியை அழைச்சுண்டு போகாதே."

"அனு, நான் சொல்லிண்டிருக்கேன்."

"நீங்க எப்படிச் சொல்லுவேள்? படியைப் பார்த்ததுமே தலை சுத்தறதுன்னு திரும்பிட்டேளே! நான் இறங்கி வரச்சே பெஞ்சில ஐஸ்கிரீம் சாப்பிட்டுண்டிருந்தேள். அந்தப் படம் நான் எடுத்தது."

அவர் அவசரமாக அடுத்த ஸ்லைடுக்குத் தாவினார். போன வருடத்துப் படம். லண்டன் செயின்ட் பால் தேவாலயக் கோபுரத்திலிருந்து ஊர்.

"இதுவும் நான்தான்," என்றாள் அனுசூயா.

முன்வரிசையில் இருந்த உருத்திரமூர்த்தி கேட்டார்: "அப்ப சேர் எடுத்த படம் ஒண்டும் இல்லையோ, அக்கா?"

"இருக்கே. லண்டன் ஹோட்டல்ல காலை டிபன்."

மண்டபம் அதிர்ந்தது. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டினார்கள். "சரித்திரத்தை அனுபவிக்க உசரம் ஏறணும்னு அவசியமில்லை," என்று அனந்தராமன் சொன்னது யார் காதிலும் விழவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு காருக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

மிச்சப் படங்களை அனுசூயா காட்டினாள். கிரீடத்துக்குள் எவ்வளவு வெக்கை, மேலே போனதும் முன்பின் தெரியாத ஒரு கிழவி எப்படித் தன் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள் என்றெல்லாம் சொன்னாள். இத்தனை வருடம் வாய்மூடி இருந்தது கணவனின் மானத்துக்காக. அந்த மானம் போனதில் தனக்கு ஒரு துளியும் வருத்தமில்லை என்பதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

"அடுத்தமுறை நானும் வாறன் அக்கா," என்றாள் தாட்சாயினி.

"வா. இவரை வீட்டிலேயே விட்டுடலாம்."

அப்படியே செய்தார்கள். மறு கோடையில் இருவரும் பஸ் ஏறி வாஷிங்டன் போய், லிங்கன் சிலையின் காலடியில் உட்கார்ந்து கட்டிக்கொண்டுபோன புளிச்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

அவர்களை அனுப்பிவைத்ததே தான்தான் என்று அனந்தராமன் இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.