உள்ளே யாரும் குடியில்லை

வீட்டை விற்கலாம் என்று தம்பி சொன்ன அன்றைக்கே விற்றுத் தொலைத்திருந்தால் அக்காவின் இடுப்பு இந்தப் பாடு பட்டிருக்காது. ஆனால் இந்தக் காலத்தில் வீட்டை இருக்கிறபடியே விற்க முடியாதாம். குளிப்பாட்டி, தலைவாரி, பவுடர் பூசி உட்கார வைத்தால்தான் நாலு பேர் வந்து பார்ப்பார்களாம். புரோக்கர் சொன்னார், தம்பி தலையாட்டினான், குனிந்து நிமிர்கிற வேலை மட்டும் அக்காவுக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் புரோக்கருக்கு எதற்கெடுத்தாலும் ரெண்டு நிமிஷம்தான். ரெண்டு நிமிஷத்தில் வருகிறேன் என்பார், ஒன்றரை மணி நேரம் கழித்து வருவார். ரெண்டு நிமிஷ வேலை என்று அவர் சொன்னவை மூன்று வாரமாக நடந்துகொண்டிருந்தன. சுவரில் இருந்த ஆணிகளைப் பிடுங்கி ஓட்டைகளுக்குப் பட்டி பூசு. எல்லாச் சுவருக்கும் வெள்ளை அடி. போட்டோ ஒன்றுகூட இருக்கக் கூடாது. அலமாரியில் பாதி காலியாக இருக்க வேண்டும், அப்போதுதான் இடம் நிறைய இருப்பதாகத் தோன்றும்.

"வர்றவங்க முதல்ல மோந்துதான் பாப்பாங்க சார், அப்புறந்தான் கண்ணால பாப்பாங்க" என்று அவர் தம்பியிடம் சொன்னார். "இந்த ரூம்ல மருந்து வாசனை அடிக்குது. அத முதல்ல எடுக்கணும்."

எடுப்பதாவது! ஒன்பது வருஷத்து வாசனை அது. அம்மா படுக்கையில் விழுந்தபோது அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது, மருந்துக்கடை கவுண்டரில் நின்றுகொண்டிருந்தாள். "கொஞ்ச நாளைக்கு நீ பாத்துக்கோக்கா, அப்புறம் ஏதாவது ஏற்பாடு பண்ணலாம்" என்றான் தம்பி. அந்தக் கொஞ்ச நாள் அம்மா போன வருஷம் கண்ணை மூடிய பிறகுதான் முடிந்தது. அதற்குள் கடை கைமாறிவிட்டது. அக்காவின் தலையும் நரைத்துவிட்டது. ஏற்பாடு மட்டும் வரவே இல்லை.

ஆக, அந்த அறையின் தரையை நாலு தடவை கழுவினாள். ஜன்னல் கம்பிகளைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தாள். கதவு இடுக்கில் படிந்திருந்த தைல அழுக்கைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தாள். குளியலறையில் அம்மா பிடித்துக்கொண்டு எழுவதற்காகச் சுவரில் பதித்திருந்த கைப்பிடிக் கம்பியைக் கழற்றச் சொன்னார் புரோக்கர். பிளம்பர் வந்து முக்கிப் பார்த்தார். கம்பி அசையவில்லை. இழுத்தால் சுவரும் கூடவே வரும் என்று கையை விரித்துவிட்டார். சரி, இருந்து தொலையட்டும் என்று விட்டார்கள்.

தம்பி மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மேற்பார்வை பார்ப்பாள். கெட்டவள் இல்லை. கை அழுக்காகக் கூடாது, அவ்வளவுதான். "அண்ணி, இந்த மூலையில ஒரு செடி வெச்சா நல்லாருக்குமில்ல?" என்று கேட்பாள். செடி வரும். தண்ணீர் ஊற்றுவது அண்ணி.

ஒரு பகலில் புது சோபா வந்து இறங்கியது. வாடகை சோபா. அதற்கு இடம் விட அக்காவின் துணிப்பெட்டி, கட்டில், தையல் மிஷின் எல்லாம் தம்பி வீட்டு மாடிப்படிக்கு அடியில் போயின. அக்கா பின்னறையில் பாயை விரித்தாள். காலையில் எழுந்ததும் அதைச் சுருட்டி சமையலறை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டும். சொந்த வீட்டிலேயே திருடி மாதிரி இருக்கிறோமே என்று ஒருநாள் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரிக்கத் தெம்பில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுதான். வீடு விற்றதும் அக்கா தங்களோடு வந்து இருக்கலாம் என்று தம்பி சொல்லியிருந்தான். அம்மாவின் காரியம் முடிந்த அன்று, நாலு பேர் முன்னால் சொன்னான். நல்ல வார்த்தைதான். ஆனால் எந்த அறை என்று அவன் சொல்லவில்லை. அவன் வீட்டில் மூன்றே அறைகள். அக்கா நாலைந்து தடவை கேட்டுப் பார்த்தாள்.

"முதல்ல விக்கட்டுங்க்கா. வித்ததும் எல்லாம் பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம் என்ற வார்த்தையை அவள் ஒன்பது வருஷமாகக் கேட்டவள். இருந்தாலும் நம்பினாள். நம்பாவிட்டால் போய் நிற்க வேறு இடம் வேண்டுமே.

முதலில் வந்தவர்களுக்கு வீடு பிடித்தது. அதற்கடுத்து வந்தவர்களுக்கு இன்னும் பிடித்தது. இரண்டு பேருமே அக்காவைப் பார்த்து, யார் இவர்கள் என்று கேட்டார்கள். தம்பி உள்ளதைச் சொன்னான். அதோடு சரி, போனவர்கள் போனை எடுக்கவே இல்லை.

புரோக்கர் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். தனியாக என்றால் அக்கா நிற்கிற சமையலறையிலிருந்து ஆறடி தள்ளி.

"வீட்டுல ஒரு குறையும் இல்ல சார். உள்ள ஆள் குடியிருக்குன்னா வாங்கறவங்க பயப்படுவாங்க. அதுவும் கூடப்பொறந்தவங்க. நாளைக்குக் காலி பண்ண மாட்டேன்னு உக்காந்துட்டா கோர்ட்டுக்கு அலையணுமேன்னு யோசிப்பாங்க."

"அதுக்கு என்ன பண்றது?"

"வேலைக்கு இருக்கற அம்மான்னு சொல்லிடுவோம். ரெண்டு நிமிஷ விஷயம். உள்ள யாரும் குடியில்லன்னு ஆயிடும். மத்தத அட்வான்ஸ் வாங்கினப்புறம் பேசிக்கலாம்."

தம்பி சமையலறை வாசலில் வந்து நின்று பிடரியைச் சொறிந்தான். "நீ தப்பா எடுத்துக்காதக்கா…"

"எடுத்துக்கல. சொல்லிக்கோ" என்றாள் அக்கா. பெரிய மனசு பண்ணிச் சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். சண்டை போட உடம்பில் தெம்பு வேண்டும், அது அவளிடம் இல்லை. சீக்கிரம் விற்றால் சீக்கிரம் ஒரு கட்டிலில் காலை நீட்டலாம். அந்த நேரத்தில் அவள் நினைத்தது அவ்வளவுதான்.

மூன்றாவதாக வந்தவர்கள் ஒரு பள்ளிக்கூட டீச்சரும் அவர் கணவரும். கணவர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். டீச்சர் ஒவ்வொரு கதவாகத் திறந்தார். புரோக்கர் அக்காவைக் காட்டி, "வீட்டு வேலைக்கு இருக்கறவங்க. ரொம்ப நம்பிக்கையான ஆளு" என்றார். தம்பி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெருவில் பார்க்க ஒன்றுமில்லை.

குளியலறையில் டீச்சர் அந்தக் கம்பியைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். "இது யாருக்குப் போட்டது?"

"பெரியம்மா ஒருத்தங்க இருந்தாங்க" என்றாள் அக்கா. பெற்ற அம்மாவைப் பெரியம்மா ஆக்கியபோது கம்பியைத் தானும் ஒரு தரம் தொட்டுக்கொண்டாள். "நடக்க முடியாது. இத ஒரு கையில பிடிச்சா எழுந்துக்குவாங்க. நாம முன்னால நின்னு தூக்கக் கூடாதும்மா, நம்ம இடுப்பு போயிடும். பக்கத்துல நின்னு, கக்கத்துல கை குடுத்து, அவங்களே எழுந்துக்கற மாதிரி செய்யணும்."

டீச்சர் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டார். அவர் மாமனாருக்கும் அப்படித்தானாம். ஆறு மாதமாகப் படுக்கை. அதற்காகத்தான் படியில்லாத வீடு தேடுகிறார்களாம். வைத்த ஆட்கள் யாரும் மாசம் தாண்டுவதில்லையாம். படுக்கைப் புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள், ராத்திரி எத்தனை தடவை திருப்புவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்காவும் சொல்லிக்கொண்டே போனாள். இத்தனை வருஷத்தில் அதையெல்லாம் அவளிடம் கேட்ட முதல் ஆள் அந்த டீச்சர்தான். அந்த ருசியில் தான் யாராக நிற்கிறோம் என்பதை மறந்துபோனாள்.

கூடத்துக்கு வந்ததும் டீச்சர் நேரே தம்பியிடம் போனார். "வீடு எங்களுக்குப் பிடிச்சிருக்கு சார். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தம்மாவ எங்களுக்கே விட்டுடுங்களேன். பின்னறையில தங்கிக்கட்டும். மாமாவப் பாத்துக்க இவங்கள மாதிரி ஆள் கிடைக்காது."

அக்கா தம்பியைப் பார்த்தாள். சிரித்து மழுப்புவான் என்று நினைத்தாள். குறைந்தபட்சம் முகமாவது சுருங்கும் என்று நினைத்தாள். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி அந்த முகம் மலர்ந்தது. இந்த முகம் அவளுக்குத் தெரியும். சின்ன வயசில் அவன் செய்த தப்புக்கு அவள் அடி வாங்கி முடித்ததும் இதே முகத்தோடுதான் நிற்பான்.

"அவங்களுக்குச் சம்மதம்னா எனக்கு ஒண்ணுமில்ல. பழகின வீடு, அவங்களுக்கும் வசதிதான்" என்றான். அவங்களாம்!

அக்காவுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. கால் வலித்தது. இன்னொரு ஒன்பது வருஷம் என்று மட்டும் மனசு கணக்குப் போட்டது.

"நான் வேலைக்காரி இல்லம்மா. இவனோட அக்கா" என்றாள் டீச்சரிடம். "நான் சொன்ன பெரியம்மா எங்க அம்மா. வீட்டுல பாதி என் பேர்ல இருக்கு."

புரோக்கர் இருமினார். டீச்சர் கையை வாயில் வைத்துக்கொண்டு, "ஐயோ, மன்னிச்சிடுங்க" என்றார்.

"உங்க மேல தப்பில்ல." அக்கா தம்பியின் பக்கம் திரும்பினாள். "எந்த ரூம்டா?"

"என்னக்கா?"

"உன் வீட்டுக்கு வந்து இருன்னியே. எந்த ரூம்?"

"அது… மேல…"

"மேல உன் பொண்ணு படிக்கறா."

"கீழ கூட…"

"கீழ உன் மாமியார் இருக்காங்க. இன்னொண்ணு நீங்க ரெண்டு பேரும். நானும் எண்ணிப் பாத்துட்டேன்டா. நீ ஒருநாளாவது எண்ணிப் பாத்தியா?"

தம்பி மறுபடியும் பிடரியைச் சொறிந்தான். டீச்சரின் கணவர் நாகரிகமாகக் கூரையைப் பார்க்கத் தொடங்கினார்.

"வீடு நல்ல வீடும்மா, தைரியமா வாங்குங்க" என்றாள் அக்கா. "உக்காந்துக்கிட்டு எழுந்திருக்க மாட்டேன்னு பயப்படாதீங்க. எனக்கு ஒரு இடம் கிடைச்சதும் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவேன்." பிறகு புரோக்கரிடம் சொன்னாள்: "என் பங்குக்கு எது வருதோ அதுல எனக்கு ஒண்ணு பாருங்க. என் பேர்ல."

புரோக்கர் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அவனை விட்டுவிட்டுச் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். ஒரு வீடு கைக்கு வந்து இரண்டாவதும் கூடவே வந்தால் எந்தப் புரோக்கர்தான் வேண்டாம் என்பார்?

"எப்படி வேணும்மா? எவ்ளோ பெருசு?"

தனக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டுப் பழக்கமில்லாததால் அக்காவுக்குப் பதில் வர நேரமாயிற்று.

"ஒரு கட்டில் போட இடம் இருந்தா போதும்" என்றாள். "ரெண்டாவது கட்டில் போட இடமே இருக்கக் கூடாது."