விழுப்புரம் வந்து சேராத பேருந்து

1

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு திருட்டுப் பொருளிலிருந்து வந்தது. திருட்டு என்று தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று சொல்லலாம்தான். ஆனால் இலவசமாகக் கிடைத்தபோதே எனக்கு லேசாகத் தெரிந்தது.

என் கைபேசி குளியலறையில் விழுந்து திரை உடைந்தது. விழுப்புரம் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் ராஜசேகர் மொபைல்ஸில் மாற்றக் கொடுத்தேன். மறுநாள் கடைக்காரர் ராஜசேகர் கைபேசியைத் துடைத்து நீட்டியபடி, "ஒரு கேமு ஏத்தி வுட்டுக்கிறேன் சார். நம்மூரு பஸ்ஸு. ஆடிப் பாருங்க, ஃப்ரீதான்" என்றார்.

(இதற்கு முன் மூன்று தொடக்கங்கள் எழுதினேன். 'திண்டிவனத்தில் அன்று மழை பெய்துகொண்டிருந்தது' என்று ஒன்று. பெய்யவில்லை. 'திருட்டு என்பது என்ன?' என்று இன்னொன்று. அதை எழுதியதும் எனக்கே கொட்டாவி வந்தது. மூன்றாவது 'அவள் கண்களில்' என்று தொடங்கி அங்கேயே நிற்கிறது. அவள் கண்களை நான் சரியாகப் பார்க்கவில்லை. அவள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள், நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

2

விளையாட்டின் பெயர் 'அஞ்சு நிமிஷத்துல கெளம்பிடும்'. ஆடுகிறவர்தான் நடத்துநர். திண்டிவனத்தில் வண்டியைக் கிளப்பி விழுப்புரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வழியில் டிக்கெட் கொடுக்க வேண்டும். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டைக்கு லக்கேஜ் போடுவதா வேண்டாமா என்ற சண்டையைத் தீர்க்க வேண்டும். சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தவருக்கும், முண்டியடித்து ஏறி அதே இடத்தில் உட்கார்ந்தவருக்கும் நடுவே நியாயம் சொல்ல வேண்டும்.

மூன்று நாள் ஆடினேன். கூட்டேரிப்பட்டு வந்தது, விக்கிரவாண்டி வந்தது, முண்டியம்பாக்கம் வந்தது. அடுத்தது விழுப்புரம் என்று விசில் ஊதினால் மறுபடியும் கூட்டேரிப்பட்டு வந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் "விழுப்புரம் எப்பங்க வரும்?" என்று ஒவ்வொரு சுற்றிலும் அதே மரியாதையோடு கேட்டார்.

எனக்குப் புல்லரித்தது. உடனே உட்கார்ந்து 'வந்து சேராமையின் அழகியல்' என்று பதினொரு பக்கக் கட்டுரை எழுதினேன். மனித வாழ்வின் முடிவற்ற பயணத்தை ஒரு கைபேசிக் கடைக்காரர் கண்டடைந்துவிட்டார் என்று அதில் நிறுவினேன். விளையாட்டின் முதல் திரையில் 'ராஜசேகர் மொபைல்ஸ், விழுப்புரம்' என்று இருந்ததல்லவா, அதனால் 'விழுப்புரத்தின் மகத்தான கலைஞர் ராஜசேகர்' என்று எழுதினேன். ஒரு சிற்றிதழ் அதை வெளியிட்டது. ராஜசேகர் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அந்தக் கட்டுரையில் 'அழகியல்' என்ற சொல் நாற்பத்தோரு முறை வருகிறது. நான் எண்ணவில்லை. எண்ணியவர் அடுத்த பகுதியில் வருகிறார்.]

3

அடுத்த வாரம் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். பெயர் பிரபாவதி என்றாள், ஊர் திண்டிவனம் பக்கம்.

"சார், நீங்க எழுதனத படிச்சேன். அந்த கேமு நான் செஞ்சது."

"ராஜசேகர்..."

"அவரு காப்பி எடுத்து வர்றவங்களுக்கெல்லாம் ஏத்திக் குடுத்துக்கினு இருக்காரு. அப்புறம் சார், அது வாழ்க்கையும் இல்ல, முடிவில்லாத பயணமும் இல்ல. அது பூட்டு."

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். பிரபாவதிக்கு இருபத்தாறு வயது. கணினி படித்தவள். பகலில் ஜெராக்ஸ் கடையில் வேலை. (இதை நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டியிருந்தால் இவ்வளவு பொருத்தமாக வைத்திருக்க மாட்டேன்.) வேலை முடிந்து வந்து இரண்டு வருடம் தனியாக உட்கார்ந்து இந்த விளையாட்டைச் செய்திருக்கிறாள். படம், சத்தம், பெரியவரின் குரல், எல்லாம் அவளே. இணையத்தில் விளையாட்டுகள் விற்கும் பெரிய கடை ஒன்றில் ஏற்றியிருக்கிறாள்.

திருட்டுப் பிரதிக்கு ஒரு பொறியும் வைத்திருக்கிறாள். அந்தத் தொழிலில் அப்படி ஒரு வழக்கம் உண்டாம். காசு கொடுத்து வாங்கியவரின் வண்டி விழுப்புரம் போய்ச் சேரும். காப்பி எடுத்தவரின் வண்டி முண்டியம்பாக்கத்தோடு திரும்பிவிடும்.

"வெறுத்துப்போயி காசு குடுத்து வாங்குவாங்கன்னு நெனச்சேன் சார். யாரும் வெறுக்கல. ஊர் சுத்திக்கினே சந்தோஷமா இருக்காங்க. பஸ்ஸுன்னா இப்படித்தான் இருக்கும்னு சொல்றாங்க."

வாங்கியவர்கள் மொத்தம் பதின்மூன்று பேர். என் கட்டுரையைப் படித்துவிட்டு வாங்கிய இரண்டு பேருக்கு வண்டி ஒழுங்காக விழுப்புரம் போய்விட்டது. அவர்களுக்குக் கடும் கோபம். 'இது போலி, உண்மையான விளையாட்டில் விழுப்புரம் வராது' என்று எழுதினார்கள். அதைப் பார்த்து இன்னும் நாற்பது பேர் இணையக் கடைக்குப் புகார் அனுப்பினார்கள். கடையிலிருந்து பிரபாவதிக்குக் கடிதம் வந்தது. அதைத் தன் கைபேசியில் காட்டினாள். வெளிவந்த ஆதாரங்களின்படி இந்த விளையாட்டைச் செய்தவர் ராஜசேகர். நீங்கள்தான் என்றால், உங்கள் பெயர் ஓர் இதழில் வெளியான சான்றை வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பவும். தவறினால் விளையாட்டு நீக்கப்படும், திருடியவர் பட்டியலில் உங்கள் பெயர் சேர்க்கப்படும்.

கீழே ஆதாரம் என்று என் கட்டுரையை இணைத்திருந்தார்கள்.

"ரெண்டு வருஷம் சார்" என்றாள். என் கட்டுரையில் எத்தனை 'அழகியல்' என்று எண்ணி வைத்திருந்ததைச் சொல்லித் திட்டினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. டீக்கு நான்தான் காசு கொடுத்தேன் என்பதை இங்கே குறிப்பிடுவது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தே குறிப்பிடுகிறேன்.

4

இந்த இடத்தில் கொஞ்சம் கட்டுரை வரும். பிடிக்காதவர்கள் ஐந்துக்குப் போகலாம்.

இப்படிப்பட்ட இணையக் கடைகள் திருட்டைத் தடுக்கத் தங்கள் பங்குக்கு இன்னொரு பூட்டு வைத்திருக்கின்றன. விளையாட்டைத் திறக்கும்போதெல்லாம் அது கடையைக் கேட்கும்: இவர் வாங்கியவர்தானா? கடை ஆம் என்றால்தான் திறக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிரபாவதியின் அப்பா தேவசகாயம் மூட்டை தூக்குகிறவர், மகளின் விளையாட்டை முதலில் வாங்கியவர். அவர்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது குடிநீர்த் தொட்டியின் உச்சியில் மட்டும். ஒரு மாதம் தினமும் சாயங்காலம் அந்த ஏணியில் ஏறி, தான் வாங்கியவர்தான் என்று நிரூபித்துவிட்டு, இறங்கி வந்து ஆடியிருக்கிறார். அப்புறம் முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. விழுப்புரம் போனபோது ராஜசேகரிடம் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

மகள் கேட்டதற்கு, "ரெண்டும் உன்னுதுதானம்மா. இதுல ஏணி ஏற வேணாம், அவ்ளோதான்" என்றாராம்.

பூட்டு, வாங்கியவரைத்தான் தினமும் சோதிக்கிறது. வாங்காதவர் ஒருவர் இருக்கிறார் என்பதே அதற்குத் தெரியாது.

என் கதையும் ஒன்று போன வருடம் வாட்சப்பில் சுற்றியது. தலையில் 'படித்ததில் பிடித்தது' என்று இருந்தது, காலில் என் பெயர் இல்லை. என் சொந்தப் பெரியம்மா மகன் அதை எனக்கே அனுப்பி, 'நீயும் இந்த மாதிரி எழுதப் பாரேன்' என்றான்.

ஆகவே இணையக் கடைகளால் திருட்டைத் தடுக்க முடியுமா என்றால்,

(இந்த வாக்கியத்தை நாலு நாளாக முடிக்கப் பார்க்கிறேன். கிடக்கட்டும்.)

5

ராஜசேகரை வில்லனாக எழுதத்தான் நினைத்தேன். முறுக்கு மீசை கூட வைத்தேன். பிரபாவதியோடு கடைக்குப் போனபோது அவர் எழுந்து நின்று, ஸ்டூலைத் துடைத்து அவளுக்குப் போட்டார். மீசையை எடுத்துவிட்டேன்.

"கடை பேரு போட்டா வெளம்பரம்னு போட்டேன் சார். கல்யாணப் பத்திரிகைல கீழ அச்சகம் பேரு போட மாட்டாங்களா, அது மாதிரி. அதப் பாத்துட்டு மாப்பிள்ளையே அச்சகத்துக்காருதான்னு நீங்க எழுதினா நான் இன்னா பண்றது?"

அவர் பிரபாவதியிடம் திரும்பினார்.

"மேடம், நீங்களே வந்தது நல்லதாப் போச்சி. கோலியனூர்ல ஒருத்தன் என் காப்பிய காப்பி அடிச்சி, என் பேர எடுத்துட்டு அவன் கடை பேரப் போட்டுக்கினான். ஒரே பேஜாரு. இத எப்படித் தடுக்கறது?"

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். அவளோ ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அதுல வண்டி எங்க நிக்குது?" என்று கேட்டாள்.

"திண்டிவனத்த வுட்டே கெளம்பல மேடம். எல்லாரும் ஏறிக் குந்திக்கினு இருக்காங்க. இப்ப அதான் செம ஓட்டம்."

"காப்பிக்குக் காப்பின்னா பூட்டு ரெண்டு வாட்டி வுழுந்துடும். அது நான் யோசிக்கல" என்றாள். அவள் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது. பிறகு இருவரும் பூட்டைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். நான் சட்டம் போட்டு மாட்டியிருந்த என் கட்டுரையின் கீழே உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது ராஜசேகர் சிரித்துக்கொண்டே, "துண்டு போட்டவனுக்குத்தான் சீட்டுன்னு உங்க கேம்லயே கீது மேடம்" என்றார்.

"துண்டும் என்னுது, சீட்டும் என்னுது, வண்டியே என்னுதுங்க" என்றாள் அவள். அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

5, மறுபடியும்

ராஜசேகர் நல்ல மனிதர்தான். இதை நான் செய்யவில்லை, அந்த அம்மாதான் செய்தார்கள் என்று கடையின் முத்திரை வைத்துக் கடிதம் எழுதிக் கொடுத்தார். இணையக் கடைக்கு அனுப்பினோம். நாலு நிமிடத்தில் பதில் வந்தது: 'படைப்பாளி ராஜசேகர் அவர்களே, நேரில் தொடர்புகொண்டதற்கு நன்றி. தங்கள் உரிமையைப் பாதுகாக்க உறுதிபூண்டுள்ளோம்.'

அங்கே மனிதர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு இன்னொன்று அனுப்பினேன். அதற்கும் நன்றி சொன்னார்கள்.

சிற்றிதழ் ஆசிரியரைக் கூப்பிட்டு, என் கட்டுரைக்கு மறுப்பு எழுதித் தருகிறேன், செய்தவள் பெயரோடு வியாழக்கிழமை இதழில் போடுங்கள், வெள்ளிக்கிழமை அதைச் சான்றாக அனுப்ப வேண்டும் என்றேன். மறுப்பு போடும் வழக்கமே எங்களுக்கு இல்லை, வேண்டுமானால் கதையாகக் கொடுங்கள் என்றார். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

6

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பிரபாவதியும் ராஜசேகரும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அவளிடம் சொன்னேன். 'சார்' என்று மட்டும் சொன்னாள், அந்த முடிவை அடித்துவிட்டேன். இன்னொன்றில் கோலியனூர்க்காரனின் பிரதியிலிருந்து இன்னொருவன் காப்பி எடுக்க, அதில் பேருந்தே இல்லை, வெறும் பேருந்து நிலையம் மட்டும் இருக்கிறது, அதற்கு விருது கிடைக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது எதுவும் அவளுக்கு இதுவரை நல்லதாக முடிந்ததில்லை என்பதால் இதையும் அடித்தேன்.

7

புதன்கிழமை காலை கதையை அவளுக்கு அனுப்பினேன். ஆறாம் பகுதி வரைக்கும்தான் அப்போது இருந்தது. பத்து நிமிடத்தில் அழைத்தாள்.

"பிரபாவதி யாருங்க சார்?"

"நீங்கதாம்மா. கதைன்னா பேர மாத்தித்தான் எழுதறது. உங்களுக்கு ஒரு பாதுகாப்பு."

"எங்கப்பா பேரு?"

"அதையும் மாத்திட்டேன்."

"ராஜசேகர் பேரு மட்டும் அப்படியே இருக்குது."

இருந்தது. கடைப் பெயரைப் பிழையில்லாமல் போடச் சொல்லி அவர் கேட்டிருந்தார். போட்டேன். எந்தச் சந்து என்றுகூட எழுதியிருக்கிறேன்.

"அவரு வெளம்பரத்துக்காக என் பேர எடுத்தாரு. நீங்க எதுக்கு சார் எடுத்தீங்க?"

அது வழக்கம் என்று இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தேன். முப்பது வருடமாகப் பெயர்களை மாற்றி எழுதுகிறேன், யாரையும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அந்தப் பெண் கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். காரணம் ஏதாவது இருக்கும் என்று நம்பி, பதிலுக்காகக் காத்திருந்தாள்.

அன்றைக்கே எல்லா இடத்திலும் மாற்றினேன். ஆசிரியருக்கு நான் அனுப்பிய கதையில் அவளுடைய சொந்தப் பெயர்தான் இருக்கிறது, இனிஷியலோடு. அப்பா பெயரும் சொந்தப் பெயர்தான். 'பிரபாவதி' என்பது அவள் கேட்ட அந்த ஒரு கேள்வியிலும், இந்தப் பத்தியிலும், அடுத்த பத்தியிலும் மட்டும்தான் வரும்.

ஆகவே கொஞ்சம் மேலே போய்ப் பாருங்கள். மூன்றாம் பகுதியில், டீக்கடையில் என் எதிரே உட்கார்ந்திருப்பவள் பெயர் என்ன? அங்கேயும் பிரபாவதி என்றே இருந்தால், உங்கள் கைக்கு வந்திருப்பது நான் எழுதிய கதை இல்லை, வழியில் யாரோ கைவைத்த பிரதி. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு இணையக் கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் அதே பிரதியா என்று எனக்குத் தெரியாது. அதைக் கற்பனை செய்து எழுத எனக்குத் துணிவில்லை. இந்தக் கதையை உங்களுக்குக் கொடுத்தவரிடம் அவள் பெயரைக் கேளுங்கள். தெரியாது என்றால், அவருக்குக் கொடுத்தவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.