மேனேஜருக்குப் போட்ட மஞ்சள் பத்து

டெய்லர் வீட்டின் முன்னறைதான் அவர் கடை. அங்கே தைப்பவர் ஒருவர். மேற்பார்வை பார்ப்பது ஒரு வெள்ளைப் பூனை. தைத்து முடித்த துணி எதுவானாலும் அதன்மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்பும். அதனால் அதற்குப் பெயர் மேனேஜர். அக்காவின் கால் ஆபரேஷனுக்குத் துணையாகப் புறப்பட்ட டெய்லரின் மனைவி, புருஷனிடம் சொல்லிவிட்டுப் போனது ஒன்றே ஒன்றுதான்.

"நீங்க சாப்பிட்டீங்களோ இல்லையோ, மேனேஜர் சாப்பிடணும்."

அவள் பஸ் ஏறிய நான்காம் நாள் காலை மேனேஜர் வந்த கோலத்தைப் பார்த்து, டெய்லர் வாயில் கவ்வியிருந்த குண்டூசிகள் பொலபொலவென உதிர்ந்தன. பின்தொடைக்கு மேலே முடி பிய்ந்து இரண்டு ஓட்டைகள். பக்கத்துத் தெருக் கடுவன் பூனையின் உபயம். ஓட்டைகள் கடுகளவுதான், டெய்லர் கண்ணுக்கு அவற்றில் ரயிலே போய் வரலாம் போலிருந்தது.

ஒரு போனில் ஓடி வந்தான் மனைவியின் தம்பி. தொழில் எலெக்ட்ரீஷியன், வைத்திய வீடியோ பார்ப்பதில் பேராசிரியர்.

"டாக்டரெல்லாம் எதுக்கு மாமா? ஆஸ்பத்திரியே உங்க அடுப்படியில இருக்கு. மஞ்சளைத் தேன்ல குழைச்சுப் பத்து போடுங்க. மேல யூகலிப்டஸ் தைலம் நாலு சொட்டு."

"தைலம் வேணாம் மாப்ள. அது எனக்கே எரியும்."

அடுத்த அரை மணி நேரம் அங்கே நடந்தது போர். நூல்கண்டுகள் தெருமுனைவரை உருண்டன. எலெக்ட்ரீஷியன் தையல் மெஷின்மேல் ஏறி நின்று அபயம் கேட்டான். முடிவில் பூனை மஞ்சள், டெய்லர் மஞ்சள், யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டையும் பாதி மஞ்சள்.

பதினோரு மணிக்கு மனைவி வீடியோவில் வந்தாள்.

"என்னங்க, மேனேஜர் ஏன் மஞ்சளா தெரியுது?"

"உன் தம்பி புது பல்பு போட்டிருக்கான்" என்றார் டெய்லர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

இரண்டு நாளில் பத்து காய்ந்து உதிர்ந்தது. டெய்லர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஓட்டைகளைக் காணோம். ஒரு பிசிறு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை.

"பாரு மாப்ள! நாப்பது வருஷத்துல நான்கூட இவ்வளவு நறுவிசா மூட்டினதில்ல."

வெற்றியைக் கொண்டாட இருவரும் டீ குடித்தார்கள்.

மறுநாள் காலை தைத்த துணிகள்மேல் யாரும் உட்கார வரவில்லை. தேடிப் பார்த்தால், துணிச்சுருள்களுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது மேனேஜர். தொட்டார். இஸ்திரிப் பெட்டிச் சூடு. காயம் மூடிய இடத்தில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம். மீனை மூக்கருகே நீட்டினார், முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பிள்ளைகள் வெளியூர் போன பிறகு இந்த வீட்டில் டெய்லரின் மனைவி பேசினால் பதில் சொல்வது அந்தப் பூனை ஒன்றுதான். அவர் மெஷின் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்கிறவர். அது அவருக்கே தெரியும்.

துணிக்கூடையில் பூனையும், கூடையைக் கட்டிக்கொண்டு டெய்லருமாக எலெக்ட்ரீஷியனின் பைக்கில் பறந்தார்கள். வழியெல்லாம் உள்ளே கைவிட்டு மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

கால்நடை டாக்டரம்மா வீக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"பூனைப் பல்லு ஊசி மாதிரி ஐயா. மேல சின்ன ஓட்டை, உள்ள ஆழம். அழுக்கை உள்ள வெச்சு மேல மூடிக்கிச்சு. சீழ் கட்டிருச்சு. தைலம் ஏதாவது தடவினீங்களா?"

"இல்லம்மா."

"நல்ல வேளை. அதை நக்கியிருந்தா உயிருக்கே ஆபத்து."

எலெக்ட்ரீஷியன் திடீரென்று அந்த அறையின் ஸ்விட்ச் போர்டை மிகக் கவனமாக ஆராய ஆரம்பித்தான்.

"இப்ப என்னம்மா செய்யணும்?"

"பிரிக்கணும்."

கோணிப்போன எத்தனையோ தையலை டெய்லர் கை கூசாமல் பிரித்திருக்கிறார். இதற்கு அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

சீழை எடுத்து, ஊசி போட்டு, மருந்தும் கொடுத்தார் டாக்டரம்மா. "கொதிக்க வெச்சு வெதுவெதுன்னு ஆறின தண்ணி, துளி உப்பு, சுத்தமான துணி. ஒரு நாளைக்கு மூணு தடவை ஒத்தடம். அஞ்சு நாளைக்கு அதை மூட விடாதீங்க. நாளைக்குள்ள சாப்பிடலைன்னா உடனே தூக்கிட்டு வாங்க."

"துணி எங்கிட்ட நிறைய இருக்கும்மா" என்றார் டெய்லர். காலையிலிருந்து அவருக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

மறுநாள் பதினோரு மணிவரை மேனேஜர் வாயைத் திறக்கவில்லை. போன் அடித்தது. மூன்று முறை அடிக்க விட்டு எடுத்தார். பல்பு, மஞ்சள், சீழ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, காயத்தைக் காட்டினார்.

"போனை அது காதுகிட்ட வைங்க" என்றாள் மனைவி. "மேனேஜர், அந்த ஆளு மேல கோவம்னா என்கிட்ட சொல்லு. சோத்து மேல என்னடி கோவம்?"

ஒரு காது அசைந்தது. தலை நிமிர்ந்தது. மேனேஜர் மெல்ல நகர்ந்து, கிண்ணத்தில் இருந்த மீன் வேகவைத்த தண்ணீரை ஒரு முறை நக்கியது. டெய்லர் மூச்சு விடவில்லை. இன்னொரு முறை நக்கியது.

"சாப்பிடுது" என்றார். குரல் பிசிறியது.

"தெரியுது. நீங்க சாப்பிட்டீங்களா?"

நேற்றுக் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"இல்ல."

"போய்ச் சாப்பிடுங்க. பல்பு விஷயத்தை நேர்ல வந்து பேசிக்கிறேன்."