பாதி டம்ளர் தண்ணீர்

"ஒரு மனுஷி தாகத்துக்கு வாயை நனைக்க இந்த வீட்டுல வழி இருக்கா இல்லையா?" என்று அத்தை சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். அத்தை என்றால் என் மாமியார், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவர். அவர் குடிக்கப் பிடித்து வைத்திருந்த தண்ணீரைச் சற்று முன்புதான் கொட்டிவிட்டு டம்ளரைக் கவிழ்த்திருந்தேன். எங்கள் வீட்டில் எதுவும் நிமிர்ந்து நிற்காது. வாளிகள், குவளை, குழந்தையின் நீலநிறக் குளியல் தொட்டி எல்லாம் குப்புறத்தான் கிடக்கும். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில்கூடத் தண்ணீர் தேங்குகிறதே என்று செடிகளையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. குழாயை மூடுவேன், மூடினேனா என்று பார்ப்பேன், பார்த்தேனா என்று சந்தேகம் வந்து திரும்பப் போய்ப் பார்ப்பேன். இதில் பெரிய கூத்து என்னவென்றால், நான் ஒரு நீச்சல் பயிற்சியாளர். இத்தனை வருஷமாக எனக்குச் சோறு போடுவதே தண்ணீர்தான்.

"குழாயிலேயே பிடிச்சுக் குடிச்சிடுங்க அத்தை."

"குடிச்சதும் கவுத்துடணும், அதானே? எனக்கும் பழகிப் போச்சும்மா" என்றார். கோபம் இல்லை. குரலில் கொஞ்சம் சிரிப்புகூட இருந்தது. எனக்கும் அன்று காலை எதற்கும் கோபம் வருவதாக இல்லை. எங்கள் நீச்சல் குளத்தில் அன்று போட்டி. வயதான பிறகு நீந்தக் கற்றவர்கள் முதல்முறையாகக் குளத்தை முழு நீளத்துக்குக் கடக்கும் போட்டி. என் மாணவி கேஷியர் அக்கா அதில் இறங்குகிறார். வங்கியில் கேஷியர், ஐம்பதைத் தாண்டியவர். பயிற்சிக்கு வந்த முதல் நாள் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்த பிடியில் கம்பிதான் கையோடு வந்துவிடுமோ என்று பயந்தேன். அவரை நீந்த வைக்கிறேன் என்று சவால் விட்டிருந்தேன். அதற்குள் பிரசவ விடுப்பு வந்து, பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தேன். விடிந்ததிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

குழந்தை பிறந்து மூன்றாவது வாரத்தில் தொடங்கியது இந்தக் கவிழ்ப்பு வேலை. அன்று அவளைத் தொட்டியில் என் முன்கைமேல் கிடத்தி, இன்னொரு கையால் தண்ணீரை அள்ளி வயிற்றில் விட்டுக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு காலையும் மடக்கி மடக்கி உதைத்தாள். அதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தவளை என்று பேர் வைத்தோம். நல்ல சந்தோஷமான நேரம். எங்கிருந்து வந்ததோ, ஓர் எண்ணம் வந்தது. இந்தக் கையை எடுத்துவிட்டால்? எண்ணத்தோடு படமும் வந்தது. அந்தப் படத்தை நான் சொல்லப் போவதில்லை. துண்டில் சுருட்டி அவளை அத்தையிடம் கொடுத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ குழந்தைகளைத் தண்ணீரில் ஏந்திய கைகள். அதன்பிறகு வாளியைப் பார்த்தால் அந்த எண்ணம், குழாய்ச் சத்தம் கேட்டால் அந்த எண்ணம். குழந்தையைக் குளிப்பாட்டுவதை நிறுத்தினேன். பிறகு, தண்ணீர் இருக்கும் அறையில் அவளைத் தூக்குவதையும் நிறுத்தினேன்.

குளிப்பாட்டுவது என் கணவன் வேலையாயிற்று. அவன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்பிருந்தே எங்களுக்குள் வாடா போடாதான். அவன் உள்ளே குளிப்பாட்டுவான், நான் மூடிய கதவுக்கு வெளியே நிற்பேன். தவளை தண்ணீரை அடித்துக் கெக்கலிப்பது கேட்கும். எனக்குப் பொறாமையாக இருக்கும். பொறாமை என்றால் வயிறு எரிகிற பொறாமை. என் பிள்ளை, என் தண்ணீர், நான் மட்டும் வெளியே.

ஒருநாள் கதவுக்கு வெளியேயே உட்கார்ந்து அழுததைப் பார்த்துவிட்டு அவன்தான் டாக்டரிடம் அழைத்துப் போனான். பிள்ளையை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே வாயைத் திறந்தேன். டாக்டரம்மா பேனாவைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இதுக்கு ஓசிடின்னு பேரு, வேண்டாத நெனப்பு விடாம வந்து பயமுறுத்தற நோய். பிரசவத்துக்கு அப்புறம் நெறைய அம்மாக்களுக்கு வருது, வெளியதான் சொல்றதில்ல. அந்த நெனப்பு வந்தா உங்களுக்குக் குலை நடுங்குதுல்ல? அப்படிச் செய்யணும்னு ஆசை இருக்கறவங்க வாளியைக் கவுத்துட்டு அலைய மாட்டாங்கம்மா." அன்று வீட்டுக்கு நான் நடந்து வரவில்லை, குதித்து வந்தேன். அதற்கு ஒரு பேர் இருக்கிறது! பேர் இருந்தால் நான் பேய் இல்லை!

அந்தக் குதியாட்டம் வீட்டு வாசலோடு சரி. டாக்டர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஒன்று பயிற்சி. குழந்தை இருக்கும் அறையில் ஒரு டம்ளர் தண்ணீரை மேஜைமேல் வைத்துவிட்டு, கொட்டாமல் சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான் முதல் பாடம். நான் வைப்பேன், நெஞ்சு அடித்துக்கொள்ளும், கொட்டிவிடுவேன். முதல் பாடத்திலேயே தினமும் ஃபெயில். இன்னொன்று மாத்திரை. "பால் குடுத்துக்கிட்டே எடுத்துக்கற மாதிரிதான் எழுதியிருக்கேன். உடனே தெரியாது, சில வாரம் ஆகும். பயத்தோட சத்தம் கொஞ்சம் கொறஞ்சா பயிற்சி பண்ண முடியும். யோசிச்சு முடிவு பண்ணுங்க" என்றார். மாத்திரை அட்டையை வாங்கி, என் விசில் வைக்கும் சின்னப் பைக்குள் போட்டேன். அதோடு சரி. பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

பால் பற்றிய கவலை என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். அது பாதிப் பொய். உண்மையான காரணத்தை அவனிடம் மட்டும் சொன்னேன். "இந்தப் பயம் இருக்கறதாலதான்டா நான் ஒண்ணும் செய்யாம இருக்கேன். மாத்திரை பயத்தைக் கொறைச்சிடுச்சுன்னா அப்புறம் இவளுக்கு யாரு காவல்?"

அவன் தலையைச் சொறிந்தான். "நல்லாயிருக்கு. ஒன்கிட்டேர்ந்து அவளைக் காப்பாத்த ஒன்னையே காவல் போட்டிருக்க. சம்பளமாவது தர்றியா?" என்றான். நான் சிரிக்கவில்லை. அவன் அதற்குமேல் வற்புறுத்தவும் இல்லை. மருந்தைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அடுத்த மாதம் என் விடுப்பு முடிகிறது. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்திருந்தேன்.

ஆக, அன்று போட்டி. மூன்று பேரும் போனோம். ஒப்பந்தம் தெளிவாகப் பேசப்பட்டிருந்தது. தவளை அவனிடம்தான் இருப்பாள், நான் தொடவே மாட்டேன். சுவரை ஒட்டியிருந்த கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்தக் குளோரின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஈரத் தரை, காலில் வழுக்கும் ரப்பர் விரிப்பு, எல்லார் பேச்சும் கூரையில் மோதித் திரும்பும் அந்த இரைச்சல். பெரிய தண்ணீர், வீட்டிலிருக்கும் எந்த வாளியையும்விடப் பெரிய தண்ணீர். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கேஷியர் அக்கா மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு நான்காவது தடத்தில் வந்து நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பிறகு தண்ணீரைப் பார்த்து உடனே வாடியது. அப்போதுதான் தடத்தைப் பிரிக்கும் கயிறு அந்தக் கோடியில் தொய்ந்து மிதந்தது. இறுக்கும் திருகு கழன்றுவிட்டதாம். "யார்கிட்டயாவது ஸ்பேனர் இருக்கா?" என்று நடுவர் கத்தினார்.

என் கணவனிடம் ஸ்பேனர் இருக்கிறதா என்று கேட்பது மீனிடம் செதில் இருக்கிறதா என்று கேட்பது மாதிரி. எங்காவது ஒரு திருகு கழன்றது என்று காதில் விழுந்தால் போதும், அவனுக்கு உலகம் மறந்துபோகும். "இந்தா, புடி" என்று பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுப் பைக்குள்ளிருந்து ஸ்பேனரை உருவிக்கொண்டு ஓடினான். ஒப்பந்தமாவது ஒன்றாவது. நான் வாயைத் திறப்பதற்குள் கயிறு இறுகிவிட்டது, விசில் ஊதிவிட்டது, கேஷியர் அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சுவரை உதைத்துவிட்டார்.

முதல் நான்கைந்து வீச்சு அருமையாகப் போனது. அப்புறம் தலையைத் தூக்கினார். தலையைத் தூக்கினால் கால் இறங்கும், கால் இறங்கினால் கதை முடிந்தது. "தலையை உள்ள விடுங்கக்கா!" என்று கத்தினேன். கேட்கவில்லை. கயிற்றை ஒட்டிப் போய் நின்றார். கை கயிற்றைத் தொடப் போயிற்று. தொட்டால் போட்டியிலிருந்து அவுட். "தொடாதீங்க! தொடாதீங்கக்கா! மல்லாக்கத் திரும்புங்க, மூச்சை வாங்கிக்குங்க!" அவருக்குக் கேட்டது! கை நின்றது. மல்லாந்து மிதந்தார், பெரிய மஞ்சள் பூசணிக்காய் மாதிரி. கூட்டம் சிரித்தது, கை தட்டியது. மற்ற மூன்று பேரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர் திரும்பவும் குப்புறப் புரண்டு கையை வீசினார். நான் கரையோரமாக அவர் கூடவே நடந்தேன், ஓடினேன், "அப்படித்தான்! காலு! காலை அடிங்க! மூச்சு விடுங்க! இன்னும் நாலே வீச்சுக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். குளம் முழுக்க என்னோடு சேர்ந்து கத்தியது. அவர் கை சுவரில் பட்டது.

தொப்பி ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கமாகத் தலையை நீட்டி, "கோச்... இது எந்தக் கரை?" என்று கேட்டார்.

"அந்தக் கரைக்கா! நீங்க அந்தக் கரைக்கு வந்துட்டீங்க!"

குனிந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அப்போதுதான் பார்த்தேன். குலுக்கியது ஒரு கை. இன்னொரு கையில் தவளை இருந்தாள்.

நான் குளத்தின் விளிம்பில் குந்தியிருந்தேன். பாதம் நனைந்திருந்தது. என் இடது முன்கை பிள்ளையின் மார்புக்குக் குறுக்கே போய், விரல்கள் அவளுடைய எதிர்ப்பக்கத்து அக்குளுக்குக் கீழே கோர்த்திருந்தன. தண்ணீரில் தத்தளிக்கிறவர்களைத் தூக்கிவர நான் கற்றுக்கொடுக்கும் பிடி அது. யானை இழுத்தாலும் விடாத பிடி. நான் சொல்லி அந்தக் கை அதைச் செய்யவில்லை. நான் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை கத்திக்கொண்டே ஓடி வந்திருக்கிறேன், அவ்வளவு தூரமும் ஒருமுறைகூடப் பயப்படவில்லை. பயம் இல்லாத அவ்வளவு நேரமும் பிள்ளை பத்திரமாக இருந்திருக்கிறாள். அவள் தண்ணீரைப் பார்த்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள்.

அது புரிந்த மறுநொடியே எண்ணம் வந்துவிட்டது. எங்கே போய்விடும்? தள்ளிவிட்டால்? படமும் வந்தது. பிள்ளையை அணைத்தபடியே பின்னால் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். ஸ்பேனரும் கையுமாக அவன் ஓடிவந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "ஐயோ, நான் பாட்டுக்கு ஒன்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டேனே, சாரிடி, கொண்டா கொண்டா."

பிள்ளையைக் கொடுத்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"மறந்துட்டேன்டா. பயப்பட மறந்தே போயிட்டேன்."

"அப்ப இவளை யாரு புடிச்சிருந்தா?"

"நான்தான்" என்றேன். அதைத் திரும்பவும் சொல்ல வேண்டும் போலிருந்தது. "நான்தான்டா புடிச்சிருந்தேன்."

வழியெல்லாம் வாய் ஓயவில்லை எனக்கு. கேஷியர் அக்கா கயிற்றைத் தொடப் போனது, நடுவர் விசிலை வாயிலிருந்து விழவிட்டது, எல்லாவற்றையும் கூடவே இருந்தவனிடமே கதை கதையாகச் சொன்னேன். அவனும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டான். பயம் அடுத்த சீட்டில்தான் உட்கார்ந்து வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இத்தனை நாளும் காவல்காரன் என்று நினைத்து நான் சோறு போட்டு வளர்த்த ஆள் காவல்காரனே இல்லை என்று தெரிந்துபோயிற்று. வெறுமனே நாள் முழுக்கக் குரைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அந்தப் பயம் கொஞ்சம் வாயை மூடினால் என்ன ஆகும் என்பதை இன்று என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

வீட்டில் மதிய வெயில் ஜன்னல் வழியாக மேஜைவரை வந்திருந்தது. தவளையை மேஜைக்குப் பக்கத்தில் தரையில் விரிப்பு போட்டுக் கிடத்தினான். நான் சமையலறைக்குப் போய்க் கவிழ்ந்திருந்த டம்ளர்களில் ஒன்றை நிமிர்த்தி, விளிம்புவரை தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். விசில் பையிலிருந்து அட்டையை எடுத்தேன். அவன் பார்த்தான், திரும்பி ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான். சுத்தமாக இருந்த ஸ்பேனரைத்தான் துடைத்துக்கொண்டிருந்தான். சின்ன வெள்ளை மாத்திரை. நாளைக்கே எதுவும் மாறிவிடாது, சில வாரம் ஆகும், சரியாக வரவில்லையென்றால் டாக்டரிடம் திரும்பப் போக வேண்டும், எல்லாம் தெரியும். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். பாதி தீர்ந்தது. மீதியோடு டம்ளரை மேஜைமேல் வைத்தேன்.

நெஞ்சு அடித்துக்கொண்டது. கையை மடிக்குள் வைத்துக்கொண்டேன்.

அத்தை வந்தார். பழக்கதோஷத்தில் கை நேராக டம்ளருக்குப் போயிற்று. "கொட்டிடட்டுமா?"

"இருக்கட்டும் அத்தை."

அவர் என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். மேஜைமேல் விழுந்த வெயில் டம்ளரில் பட்டு, கூரையில் ஒரு சின்ன வெளிச்சமாக ஆடிக்கொண்டிருந்தது. தவளை மல்லாந்து கிடந்தபடி அதையே பார்த்தாள். பிறகு, அப்போதுதான் நீந்த ஆரம்பிப்பவள்போல, இரண்டு காலையும் மடக்கி ஓங்கி ஓர் உதை விட்டாள்.